பச்சை அம்பு

புதிய கருவி எதையும் முதல் வாரத்திலேயே குறை சொல்லக் கூடாது என்று என்னிடம் வேலைக்கு வந்த எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். கை பழக வேண்டும். கண் பழக வேண்டும். அதற்குப் பிறகு, அது இல்லாமல் முன்பு எப்படி வேலை செய்தோம் என்பதே மறந்துபோகும். எனக்கும் அப்படித்தான் ஆனது, மேடம்.

என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். காகிதமும், சன்னல் ஓரமாக ஒரு மேசையும் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. ஷீபாவைப் பற்றித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள். ஆனால் போர்டிலிருந்து தொடங்காவிட்டால் ஷீபா விஷயம் உங்களுக்குப் புரியாது.

கீரனூரில் திருச்சி சாலையில், ஓர் உரக்கடைக்கு மேல் எங்கள் அலுவலகம். செல்போன் செயலிகளுக்கு முகம் வரைந்து கொடுப்பது தொழில். திறந்ததும் எதைக் கேட்க வேண்டும், எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், பயன்படுத்துகிறவர் எந்த இடத்தில் திணறுவார் என்று யோசித்து வரைவோம். பல வருடங்கள் நான் தனியாகத்தான் செய்தேன். கதவைச் சாத்திக்கொண்டு வரைவேன். இடையில் புத்தகம் படிப்பேன். ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும். கீழே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அந்தச் சத்தம் என் மௌனத்தைக் கலைத்ததில்லை. முடித்த வேலையை மட்டுமே வெளியே காட்டுவேன். எத்தனை முறை அழித்தேன் என்பது யாருக்கும் தெரியாது.

வேலை பெருகியதும் ஆட்கள் வந்தார்கள். யாக்கூப் கோட்டைப்பட்டினத்துப் பையன். சத்யபிரியா உள்ளூர். ஷீபா ஆவூர், புதுக்கோட்டையில் ஒரு மகளிர் விடுதியில் தங்கியிருந்தாள். எல்லோரும் தினமும் அலுவலகம் வர முடியாது என்பதால் போன வருடம் நான்தான் அந்தப் பொது போர்டை அறிமுகப்படுத்தினேன். இது முக்கியம், தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். யாரும் என் மேல் திணிக்கவில்லை.

போர்டு என்பது கணினித் திரைக்குள் இருக்கும் எல்லையில்லாத ஒரு வெள்ளைச் சுவர். அவரவர் இடத்தில் இருந்துகொண்டே எல்லோரும் ஒரே சுவரில் வரையலாம், சின்னச் சின்ன வண்ணச் சீட்டுகளில் எழுதி ஒட்டலாம், அடுத்தவர் வேலைக்குக் கீழே கமென்ட் போடலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு கர்சர், மௌஸோடு நகரும் அம்பு, பெயரோடு, தனி நிறத்தில். யாக்கூப்புக்கு ஆரஞ்சு. சத்யபிரியாவுக்கு ரோஸ். ஷீபாவுக்குப் பச்சை. எனக்குச் சாம்பல் நிறம் போதும் என்று எடுத்துக்கொண்டேன். கணக்குகளை எல்லோருக்கும் நானே தொடங்கிக் கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் நான் வைத்ததுதான். மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். யாரும் மாற்றவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் தானாக வந்தது. காலையில் உள்ளே நுழைந்ததும் அவரவர் பெயர்ச் சீட்டைச் சுற்றி கர்சரால் ஒரு வட்டம் போட வேண்டும். ஆஜர் போடுவது என்போம். ஷீபா ஒரு வட்டத்தோடு நிறுத்த மாட்டாள். வேகமாகச் சுற்றிவிட்டு யாக்கூப்பின் சீட்டை இடித்துவிட்டுப் போவாள். "ஏய், வண்டிய ஓரமா ஓட்டு," என்று அவன் கத்துவான். சிரிப்பார்கள். எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது.

எனக்கு இருந்த சின்ன சங்கடம், பிறர் பார்ப்பது. நான் ஒரு பெட்டியை வரைந்து, நகர்த்தி, அழித்து, மறுபடி வரைவதை மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய பெயரை அழுத்தினால் அவர் போகும் இடமெல்லாம் நம் திரையும் கூடவே போகும். அப்போது அவருடைய திரையின் மேல்விளிம்பில் எழுத்து வரும்: 'ஷீபா உங்களைப் பின்தொடர்கிறார்.' அவள்தான் அடிக்கடி அப்படிச் செய்வாள். கற்றுக்கொள்வதற்காக என்றாள். நம்பினேன். ஆனால் நான் யோசிப்பதற்காக கர்சரை நிறுத்தினால், பச்சை அம்பு என் சாம்பல் அம்புக்குப் பக்கத்தில் வந்து நின்று காத்திருக்கும். என் மௌனத்துக்குள் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று, எனக்குச் சீட்டுகள் நேராக இருக்க வேண்டும். ஷீபா எல்லாவற்றையும் கோணலாக ஒட்டுவாள். அவள் போன பிறகு நான் சரிசெய்வேன். சத்யபிரியா கேலி செய்வாள். "அண்ணே உள்ள வந்தா போதும், சீட்டெல்லாம் ஸ்கூல் பிரேயர்ல நிக்கிற மாதிரி அட்டென்ஷன்ல நின்னுருது." நானும் சிரித்துக்கொள்வேன்.

இப்போது கிணற்றுச் செயலிக்கு வருகிறேன். திருச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் அதைக் கேட்டது. கைவிட்ட கிணறுகள், மூடாத ஆழ்துளைக் கிணறுகள், கல்குவாரிப் பள்ளங்கள் ஆகியவற்றை ஊர்க்காரர்கள் பார்த்த இடத்திலேயே படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். நல்ல காரியம். நான் மிகவும் உழைத்தேன். என் முதல் ஸ்கிரீனில் மாவட்டம், வட்டம், ஊர், சர்வே எண், உரிமையாளர், ஆழம் எல்லாம் ஒழுங்காக ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அழகாக இருந்தது. இப்போதும் அது அழகுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை அதன் கீழே பச்சை நிறத்தில் ஒரு கமென்ட் இருந்தது. 'அண்ணே, உள்ள ஆள் விழுந்து கெடந்தா இதையெல்லாம் யாரு நின்னு நிரப்புவா?'

அதற்குப் பக்கத்தில் அவள் தானாகவே ஒரு ஸ்கிரீன் வரைந்து வைத்திருந்தாள். ஒரே கேள்வி. 'உள்ளே யாராவது இருக்கிறார்களா?' கீழே இரண்டு பெரிய பட்டன்கள், ஆம், இல்லை. ஆம் என்று அழுத்தினால் நேராகத் தீயணைப்பு நிலையத்துக்கு அழைப்பு போகும். இல்லை என்றால்தான் மற்ற விவரங்களைக் கேட்கும். பட்டன்கள் திரையின் அடியில் இருந்தன. ஏன் அங்கே என்று கேட்டதற்கு, "ஒரு கையில எதையாச்சும் புடிச்சிருப்பாங்கண்ணே. கட்டைவெரலுக்கு எட்டணும்ல," என்றாள்.

யாக்கூப் அதற்கு ஒரு 'லைக்' கட்டைவிரல் போட்டான். சத்யபிரியா போட்டாள். பிறகு கிளையன்ட்டும், அந்தத் தொண்டு நிறுவனத்துக்காரர், போட்டார். அவரையும் போர்டுக்குள் சேர்த்திருந்தது நான்தான். என் ஸ்கிரீனுக்குக் கீழே அவை வரிசையாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்பு அசையவில்லை. நான் அசையாமல் இருப்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. அவள் சொன்னது சரி. அதை நான் கமென்ட்டிலேயே எழுதினேன். நீங்கள் பார்க்கலாம்.

இரண்டு நாள் கழித்து, நேரில் ஒரு கிணற்றைப் பார்க்காமல் வரையக் கூடாது என்று ஷீபா சொன்னாள். இலுப்பூரைத் தாண்டி ஒரு தைலமரக் காட்டுக்குள் பழைய கிணறு ஒன்று எனக்குத் தெரியும். மரம் வெட்டும் வருடம் தவிர அங்கே யாரும் போக மாட்டார்கள். தைலமரம் தண்ணீரையெல்லாம் உறிஞ்சி, கிணறு என்றோ வற்றிவிட்டது. என் பைக்கில் போனோம். விடுதியில் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். வேலை முடிந்ததும் அப்படியே ஆவூருக்குப் போய் அம்மாவுக்கு முன்னால் நிற்கப் போவதாகச் சொன்னாள். அம்மாவுக்கு அது தெரியாது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

கிணற்றுச் சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் கல்படிகள் உண்டு. மேலிருந்து பார்த்தால் போதாது, இரண்டு படி இறங்கினால்தான் பயம் எப்படி இருக்கும் என்று தெரியும் என்றாள். பையையும் போனையும் என்னிடம் கொடுத்தாள். "படம் எடுங்கண்ணே, போர்டுல போடலாம்," என்றாள். நான் படம் எடுக்கும்போதுதான் கல் பெயர்ந்தது.

நான் தள்ளவில்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அடியில் தைலமரச் சருகு மெத்தைபோல் கிடந்தது. அதனால் உயிருக்கு ஒன்றும் இல்லை. கால் முறிந்திருந்தது. "அண்ணே, யாரையாச்சும் கூட்டியாங்க," என்றாள். தெளிவாகத்தான் பேசினாள். போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உண்மையிலேயே ஆள் கூட்டி வரத்தான் கிளம்பினேன்.

சாலையோரம் ஒரு புளியமரத்தடியில் பைக்கை நிறுத்தினேன். தீயணைப்பு நிலையத்துக்குப் பேசுவதற்காகப் போனை எடுத்தேன். போர்டில் சத்யபிரியா எழுதியிருந்தாள்: 'ஷீபா இன்னும் ஆஜர் போடல. அண்ணே, கடத்திக்கிட்டுப் போயிட்டீங்களா?' பக்கத்தில் சிரிப்பு முகம். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்தேன். விழுந்துவிட்டாள் என்று எழுதினால் எல்லோரும் பதறுவார்கள். அதை விளக்க வேண்டும். எனக்கு ஒரு நிமிடம் அமைதி வேண்டியிருந்தது. அவள் கணக்கைத் திறந்து, அவள் பெயர்ச் சீட்டைச் சுற்றி வேகமாக வட்டம் போட்டேன். யாக்கூப்பின் சீட்டையும் இடித்தேன்.

'வந்துட்டா கழுதை,' என்று அவன் எழுதினான்.

அவ்வளவுதான். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அந்த மரத்தடியில் பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு மூச்சு சீராக வந்தது. பச்சை அம்பு என் கையில் இருந்தது. அது என்னைப் பின்தொடரவில்லை.

அவளுடைய போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன். கிளையன்ட்டிடம் வேலையைக் காட்டும் ரிவியூ அந்த வாரக் கடைசியில் இருந்தது. அதுவரை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே திரும்பிப் போனேன். கைவிட்டுவிட்டேன் என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள், அது தவறு. வழியில் கயிறு வாங்கினேன். கடையில் கனமான கயிறும் இருந்தது. எனக்குத் தேவை தண்ணீர் பாட்டில் இறக்குவதற்குத்தான் என்பதால் மெல்லியதை வாங்கினேன். தண்ணீர், பிஸ்கட், வலி மாத்திரை எல்லாம் இறக்கினேன். தினமும் போனேன்.

முதலில் அவள் கத்தினாள். தைலமரக் காட்டில் காற்று ஓயாமல் சலசலக்கும். சத்தம் வெகுதூரம் போகாது. பிறகு கெஞ்சினாள். யாரிடமும் சொல்ல மாட்டேன், தானாக விழுந்ததாகச் சொல்கிறேன் என்றாள். தானாகத்தானே விழுந்தாள், அதில் சலுகை எதுவும் இல்லையே என்று எனக்குத் தோன்றியது. பிறகு அழுதாள். நான் கிணற்றுக் கரையில் உட்கார்ந்து, முடியட்டும் என்று காத்திருந்தேன். மௌனமாக இருப்பது எனக்குச் சிரமமில்லை.

அன்று காலை யாக்கூப் போர்டில் ஷீபாவிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தான். படிக்கத் தெரியாதவர்கள் ஆம், இல்லை என்பதை எப்படிப் பிரித்தறிவார்கள்? எனக்கும் பதில் தெரியவில்லை. அவளிடமே கேட்டேன்.

"தண்ணி குடுங்க, சொல்றேன்," என்றாள்.

நான் நிபந்தனை எதுவும் போட்டதில்லை. அவள்தான் அப்படிச் சொன்னாள். தண்ணீர் எப்படியும் கொடுத்திருப்பேன்.

"ஆமுக்கு செவப்பு, இல்லைக்கு பச்சைன்னு போட்டுத் தொலைக்காதீங்க," என்றாள். "பச்சையப் பாத்தா எல்லாம் சரின்னு அழுத்திருவாங்க. படம் போடுங்க. ஒண்ணுல கெணத்துக்குள்ள ஆளு. இன்னொண்ணுல வெறுங்கெணறு."

என்ன அருமையான பதில் என்று பாருங்கள். நான் அதை அவள் பெயரிலேயே போர்டில் எழுதினேன். எல்லாப் பதில்களையும் அவள் பெயரிலேயே போட்டேன். ஒரு யோசனையைக்கூட எனதென்று சொன்னதில்லை. மற்றவர் உழைப்பைத் திருடுகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு, மேடம். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

அதற்குப் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. நான் கேள்விகளைக் கொண்டுபோவேன். அவள் பதில் சொல்வாள். பேசினால் நான் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்திருப்பேன் என்பதற்காகத்தான் அவள் பேசினாள் என்று உங்கள் எஸ்.ஐ. சொன்னார். இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை என்று வந்தால் அவளுக்கு வலி மறந்துவிடும். நான் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாது, அவள் என்னைப் பார்க்க முடியாது; குரல் மட்டும். யாரும் பார்க்காத இடத்தில் இரண்டு பேர் யோசித்தோம். சேர்ந்து வேலை செய்வது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது அந்த நாட்களில்தான் எங்களுக்குக் கைகூடியது.

வெளியே எதுவும் குலையவில்லை. விடுதியில் அவள் வீட்டில் இருப்பதாக நினைத்தார்கள். வீட்டில் அவள் வேலையில் இருப்பதாக நினைத்தார்கள். வேலையில் அவள் அம்பு ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் வந்த அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கடினமாக இருந்தது. டீச்சர் என்றால் ஷீபாவின் அம்மா. ஆவூரில் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் போன் அணைந்தே கிடக்கிறது என்று பஸ் மாறி கீரனூர் வந்துவிட்டார். மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கவில்லை. கையில் டிபன் கேரியர். நான் உள்ளறையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"போன் ரிப்பேராம் டீச்சர், நேத்தே எழுதியிருந்துச்சு," என்றான் யாக்கூப். அதை எழுதியது நான். "வெளியில இருந்து வேலை பாக்குது. ரிவியூ நேரம்ல. பயப்படாதீங்க, இங்கிட்டு வந்து ஒக்காருங்க. இந்தா, இதான் ஒங்க மக."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "எது தம்பி?"

"இந்தப் பச்சை அம்பு. பேரு போட்டிருக்கு பாருங்க."

"இதுவா?" அவர் விரலைத் திரையில் வைத்தார். "ஓடிக்கிட்டே இருக்காளே. சின்னப் புள்ளையிலயும் இப்படித்தான். ஒரு எடத்துல ஒக்கார மாட்டா."

"இப்பவும் அப்படித்தான் டீச்சர். வந்தா என் சீட்டை இடிக்காமப் போறதில்ல," என்றாள் சத்யபிரியா.

"ஏய், அது என் சீட்டு," என்றான் யாக்கூப்.

டீச்சரின் விரல் அம்பைத் தொடர்ந்து போனது. அம்பு வேகமாகப் போனால் விரல் தடுமாறியது. கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்தேன். அவருக்கு வசதியாக அம்பை மெதுவாக நகர்த்தினேன். பயன்படுத்துகிறவரின் வேகத்துக்கு நாம் இறங்கி வர வேண்டும். தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது அதுதான்.

"சாப்பிட்டாளான்னு கேளு தம்பி."

யாக்கூப் எழுதினான். நான் பதில் எழுதினேன். 'சாப்பிட்டேம்மா.'

டீச்சர் அதை இரண்டு முறை வாசித்தார். "பொய் சொல்றா," என்றார், சிரித்துக்கொண்டே. "இவ எந்தக் காலத்துல நேரத்துக்குச் சாப்பிட்டா? முருங்கைக்கீரையும் முட்டையும் வச்சிருக்கேன். யாராச்சும் குடுத்துருவீங்களா?"

நான் வெளியே வந்து, போகிற வழிதான், கொடுத்துவிடுகிறேன் என்று கேரியரை வாங்கிக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்தார். "நீங்கதான் எல்லாஞ் சொல்லிக் குடுத்தீங்களாமே. எங்க வெற்றி அண்ணேன்னுதான் பேசுவா. நல்லாருங்க தம்பி," என்றார்.

அந்தக் கேரியரை நான் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. அன்று மாலையே கொண்டுபோய் இறக்கினேன். அது கிணற்றுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டதாக நீங்கள் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் இல்லை.

கேரியர் அடியில் போய் உட்கார்ந்த சத்தம் கேட்டது. மூடியைத் திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

"அம்மா வந்துச்சா?"

"ஆமா."

"என்னண்ணே சொன்னீங்க?"

"நீ வேலையா இருக்கேன்னு."

"நம்பிருச்சா?"

"ஒன் அம்பைப் பாத்துச்சு. தொட்டுப் பாத்துச்சு."

அதன் பிறகு அவள் பேசவில்லை. நான் வாழ்க்கையில் எத்தனையோ மௌனங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இது மட்டும் கீழிருந்து மேலே ஏறி வந்தது. கிணறு நிறைவதுபோல் நிறைந்து, விளிம்புக்கு வந்து, என் காலைத் தொட்டது. எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் போனபோதும் பதில் இல்லை. அவ்வளவுதான் என்று புரிந்தது. அதற்கு மேல் யாரையும் அழைத்துப் பயன் இருந்திருக்காது. உங்களிடம் முதல்நாள் சொன்னதும் இதைத்தான்.

ரிவியூ நன்றாக நடந்தது. ஷீபாவின் ஸ்கிரீனையே காட்டினேன். என்னுடையதை நானே அழித்தேன். கிளையன்ட் அவளைப் பாராட்டினார். பச்சை அம்பு ஒரு வட்டம் போட்டு நன்றி சொன்னது.

மாட்டிக்கொண்டது சீட்டுகளால். ஷீபா சொல்லச் சொல்ல எழுதிய நாட்களில், எழுதுவதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் பேச்சு நின்ற பிறகு யோசிப்பதும் நான், எழுதுவதும் நான் என்று ஆனது. என் கை தன்னிச்சையாகப் போய்விட்டது. பச்சை அம்பு சீட்டுகளை நேராக்க ஆரம்பித்தது. யாக்கூப் அதைக் கவனித்திருக்கிறான். வேண்டுமென்றே ஒரு சீட்டைக் கோணலாக ஒட்டிவிட்டுக் காத்திருந்தான். நான் அதை நேராக்கினேன், ஷீபாவாக இருந்துகொண்டு.

அவன் உள்ளறைக்கு வந்து கதவருகில் நின்றான். "அண்ணே, ஒண்ணு கேக்கவா? ஒங்க கர்சர் நிக்கிறப்பத்தான் ஷீபா கர்சர் ஓடுது. ஒங்களது ஓடுறப்ப அவளது நிக்குது. ரெண்டும் சேந்து ஓடி இந்த வாரம் நான் பாக்கவே இல்ல."

"நெட் ஸ்லோவா இருக்கும்," என்றேன்.

அவன் என் கையையே பார்த்தான். சிரிக்க முயன்றான், முடியவில்லை. "டீச்சர்கிட்ட அது ஒங்க மகதான்னு நான்தாண்ணே காட்டுனேன்," என்றான். திரும்பிப் படியிறங்கிப் போனான். அவன் நேராக உங்களிடம்தான் வந்தான் என்று பிறகு தெரிந்தது.

நீங்கள் வருவதற்குள் ஒன்று நடந்தது. நான் ஷீபாவின் கணக்கை மூடிவிட்டு, என் போர்டை மட்டும் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். பச்சை அம்பு உள்ளே வந்தது. ஆஜர் போடவில்லை. யாரையும் இடிக்கவில்லை. நேராக என் அம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் நகர்ந்தேன். அதுவும் நகர்ந்தது. மேல்விளிம்பில் எழுத்து வந்தது. 'ஷீபா உங்களைப் பின்தொடர்கிறார்.'

உங்கள் ஸ்டேஷனிலிருந்து யாக்கூப் அவள் கணக்கைத் திறந்து காட்டினான், அதுதான் என்று விளக்கினீர்கள். பொதுவான கடவுச்சொல்தான், யாரும் திறக்கலாம். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவன் அன்று ஒருமுறைதான் திறந்தானாம். இங்கே கணினி கிடையாது, போன் கிடையாது. இந்தக் காகிதத்தில் ஒரு வார்த்தையை அடித்துவிட்டு யோசிப்பதற்காகப் பேனாவை நிறுத்தினால், அந்த வார்த்தைக்கு இடப்பக்கம் ஏதோ வந்து நின்று காத்திருக்கிறது. முன்பே அடிக்காமல் எழுதியிருக்க வேண்டும். நீங்களே பாருங்கள், ஓர் இடத்தில்தான் அடித்திருக்கிறேன். 'மறுநாள் போனபோதும் பதில் இல்லை' என்ற வரி. அதை அடித்துவிட்டு, மறுபடி அதையே எழுதியிருக்கிறேன்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. வேலை சுத்தமாக இருக்க வேண்டும். ஆகவே அந்த வரியைச் சரிசெய்துவிடுகிறேன்.

ரிவியூ நடந்ததும் அதே மறுநாள்தான். முடிந்ததும் கிளையன்ட், உண்மையான ஒரு கிணற்றில் வைத்துச் செயலியைச் சோதித்துப் பாருங்கள் என்றார். எனக்குத் தெரிந்தது அந்தக் கிணறுதான். மாதிரிச் செயலியைப் போனில் போட்டுக்கொண்டு போனேன். கரையில் நின்று படம் எடுத்தேன். முதல் கேள்வி வந்தது. உள்ளே யாராவது இருக்கிறார்களா? ஆம் என்ற பட்டனை ஷீபா வரையும்போதே தீயணைப்பு நிலையத்தின் எண்ணோடு இணைத்து வைத்திருந்தாள். அழுத்தினால் உடனே மணி அடிக்கும். வெறும் சோதனைக்காக அவர்களைத் தொந்தரவு செய்வது முறையல்ல. இல்லை என்று அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தமும் அவள் தேர்ந்தெடுத்ததுதான்.

அதைக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. கீழேயிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் அவளுடையது.

"பட்டன் வெரலுக்கு எட்டுதாண்ணே?"

நன்றாக எட்டுகிறது என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை, மேடம்.